வாசற்படி மட்டம்

குழி நேற்றைவிட ஒன்பது சென்டிமீட்டர் ஆழம் குறைந்திருந்தது. முந்தாநாளைவிடப் பதினெட்டு. வேலை முடிந்து கைவிட்டுப் போன திறந்தவெளிச் சுரங்கம் அது. அதை நிரப்பி, மேல்மண் பரப்பி, மரம் நட எத்தனை லோடு மண் வேண்டும், என்ன செலவாகும் என்று எஸ்டிமேட் போடத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். தன்னைத்தானே மூடிக்கொள்ளும் குழியை அவன் இதுவரை பார்த்ததில்லை.

போனில் மேனேஜர் சிரித்தார். “குழியே மனசு வச்சு மேல வருதுன்னா உனக்கென்னய்யா கசக்குது? மண்ணு மிச்சம். எஸ்டிமேட்டை நாளைக்கு அனுப்பிடு.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் அடிவரை இறங்கிப் பார்த்திருந்தான். தண்ணீர் ஊறவில்லை, கரை சரியவில்லை. முதல் நாள் பாறையில் அடித்த சிவப்புப் பெயின்ட் குறி அடித்தபடியே பளிச்சென்று இருந்தது. நனைந்த கரியின் வாடை மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. எங்கோ துருப்பிடித்த தகரம் ஒன்று காற்றே இல்லாமல் க்ரீச், க்ரீச் என்றது. பட்டப்பகலில் அந்தச் சத்தத்துக்குப் பயந்துவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

மட்டம் எடுப்பதெல்லாம் ஒரு புள்ளியை நம்பித்தான். அது அசையாது என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதிலிருந்து அளக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு புள்ளி வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவன் சோம்பேறித்தனப்பட்டு ஒன்றோடு நிறுத்தியிருந்தான். அதையும் குழியின் எதிர்க்கரையில் இருந்த தன் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் வைத்தான். சமையலுக்கு நடுவே மனைவி வந்து நாலு மீட்டர் அளவுகோலைப் பிடித்துக்கொள்வாள், ஆள் தேடி அலைய வேண்டாம்.

பிற்பகல் மூன்று மணிக்கு மனது கேட்காமல் நோட்டைப் புரட்டினான். ஓர் ஓரத்தில், முதல் நாள் சும்மா எடுத்துவைத்த ஓர் அளவு கிடந்தது. இந்தக் கரையிலிருக்கும் பழைய பம்ப் மேடையின் மட்டம். மட்டம் பார்க்கும் கருவி அன்றிலிருந்து இந்தக் கரையில் அதே கான்கிரீட் தூணின் மேல்தான் இருந்தது. இன்னோர் அளவுகோலை மேடையில் நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்து, கருவியின் குழாயில் கண்ணை வைத்தான்.

1.10. நோட்டிலும் 1.10. மயிரிழை மாறவில்லை.

வாசற்படியின் அளவுகளைப் பார்த்தான். முந்தாநாள் 1.42. நேற்று 1.51. இன்று காலை 1.60. அளவுகோல் இறங்க இறங்க, கருவியின் குழாய்க்குள் தெரியும் குறுக்குக்கோடு அதில் உயர உயர விழும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றது.

குழி ஏறவில்லை. வீடு இறங்குகிறது.

மனைவிக்குப் போன் போட்டான். “கொஞ்சம் வாசல்ல வந்து கோலைப் புடி.”

“காலையிலதான புடிச்சேன்? பாப்பா இப்பத்தான் கண்ணசந்தா. உங்க குழிக்கு என்னைய மாசச் சம்பளத்துல போடச் சொல்லுங்க அந்த மேனேஜரை.” முணுமுணுத்துக்கொண்டே வந்து, கோலை நிமிர்த்திப் பிடித்தாள்.

1.74. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். 1.81. எண்கள் கோட்டைக் கடந்து வழுக்கிப் போய்க்கொண்டிருந்தன. சுவரில் விரிசல் இல்லை. தூசி எழவில்லை. கொடியில் காயும் குழந்தையின் சட்டைகூட ஆடவில்லை. வீடு, வேலி, முருங்கை மரம், அவள் எல்லாம் சேர்ந்து இறங்கின.

“கோலை விட்டுரு. பாப்பாவத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடு. இப்பவே.”

“என்னாச்சுங்க? மழை வருதா? திடீர்னு மூட்டமா இருக்கே.”

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

“சொன்னா கேளு. ஓடு.”

அவள் கோலைச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே போனாள். அவன் ஓடத் தொடங்கினான். குழியைச் சுற்றிப் போகக் கால் மணி நேரமாகும். பத்தடி போனவன், பார்க்காமல் இருக்க முடியாமல் திரும்பி வந்தான். அதற்காகத் தன்னை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

2.60.

3.15. ஜன்னல் கோட்டைக் கடந்தது.

3.90.

கோல் முடிந்தது.

மொட்டைமாடிச் சுவர். தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மூடி.

பிறகு குறுக்குக்கோட்டில், வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு மட்டும்.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பதற்றமே இல்லாத குரல். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“பாப்பாவத் தூக்கிட்டேன். வேலி வரைக்கும் வந்துட்டேன். ரோட்டைக் காணோமே. சுத்திலும் கருப்பா சுவராட்டம் இருக்கு.” குழந்தை சிணுங்கியது. “ரொம்ப மேல, கொஞ்சூண்டு வெளிச்சம் தெரியுது. நீங்க அங்கயா நிக்கிறீங்க? கையக் காட்டுங்க பாப்போம்.”

அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான்.

“தெரியலீங்க,” என்றாள்.

அவன் ஆட்டிக்கொண்டே இருந்தான்.