பதினேழாவது நினைவூட்டல்

பதினாறு பேருக்குப் போகவேண்டிய நினைவூட்டல் பதினேழு பேருக்குப் போயிருந்தது.

கல்லடியில் வாவியைப் பார்த்தபடி இருந்த அந்த நிவாரண அலுவலகத்தில் கணினி வேலையெல்லாம் செசீலியாவின் தலையில்தான். ஊழியர் மதிப்பீட்டுக்கான மின்னஞ்சல் தானாகவே போகும்படி இரண்டு நாள் மினக்கெட்டுச் செய்திருந்தாள். ஊழியர் படிவத்தை நிரப்பி, தன்னோடு வேலை செய்யும் இருவரின் பெயரை எழுதினால், முதலாமவருக்கு அறிவித்தல் போகும். அவர் மதிப்பீட்டை எழுதி முடித்ததும் மற்றவருக்குப் போகும். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. கெட்டிக்காரிதான், வேறென்னத்தைச் சொல்ல!

பதினேழாவது ஆள் அழகரத்தினம். உன்னிச்சை வீதியில் வைத்து யாரோ ஆயுதக்காரர் வெள்ளை வேனில் ஏற்றிப் போய் இரண்டு மாதமாகிறது. பிரேதம் வராதவனின் பெயரை இங்கே ஒருவரும் வெட்டமாட்டார்கள். வெட்டுகிற கைதான் அவனைச் சாகடித்தது என்றாகிவிடும். அவனுடைய தாய் ஆச்சிப்பிள்ளை வாசலில் நின்று கெஞ்சினாள்: "எண்ட புள்ளட பேர மட்டும் வெட்டிப்போடாத மகள்."

செசீலியா வெட்டவில்லை. அந்தப் பெயருக்கும் நினைவூட்டல் போகும் என்பதைத்தான் மறந்துபோனாள்.

மறுநாள் காலை இன்டர்நெட் இணைப்பைப் போட்டதும் அழகரத்தினத்தின் படிவம் நிரம்பி வந்து கிடந்தது. 'இந்த வருடம் என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே: 'பத்து நகமும் பிடுங்கிய பிறகு எந்த மனிதனும் பெயர் சொல்லுவான்.'

உடன் வேலை செய்பவர்கள்: களஞ்சியப் பொறுப்பாளர் வினாயகமூர்த்தி, சாரதி யோசேப்.

யோசேப் அவளுடைய புருஷன். விடியவே அரிசி மூட்டைகளோடு உன்னிச்சைக்குப் புறப்பட்டுவிட்டான்.

யாரோ பாழாய்ப்போனவன் விளையாடுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மாரிமழை தகரத்தில் ஓயாமல் கொட்ட, ஜன்னல் வழியே வாவிச் சேற்றின் வாடை ஏறி வந்து, ஈரக் கடதாசி மணத்தோடும் கணினிச் சூட்டோடும் கலந்து தொண்டையில் படிய, பக்கத்து அறையில் கதிரை இழுபடும் சத்தத்துக்கெல்லாம் அவள் திடுக்கிட்டாள். பதினொரு மணிக்குத் திரையில் ஒரு வரி வந்தது: 'வினாயகமூர்த்தியின் மதிப்பீடு முடிந்தது.'

தட்டச்சு செய்யும் புஸ்பம் நனைந்தபடி ஓடி வந்தாள்.

"அக்கா, மூர்த்தியண்ணனக் கண்டெடுத்திட்டாங்களாம். ஆரையம்பதிக் கடக்கரையில. கையப் பின்னால கட்டி, தொண்டைய அறுத்து..."

"எப்ப?"

"விடியப்புறம் ஆறு மணிக்கு."

அப்படியானால் பதினொரு மணிக்கு எழுதி முடித்தது யார்? அதைவிட, அடுத்த அறிவித்தல் இப்போது யாருக்குப் போயிருக்கும்? இரண்டாவது பெயர் யோசேப். செசீலியா தானே செய்த வேலை. தானாகவே போகும்.

அலுவலகத்தில் இருந்ததே ஒரு தொலைபேசி இணைப்புத்தான். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு யோசேப்பின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"இஞ்சாருங்க, எங்க நிக்கிறீங்க? லொறியத் திருப்பிக்கொண்டு வாங்க!"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, மரக்கட்டையில் கத்தி இறங்கும் சத்தம்.

இன்னொரு முறை.

இன்னொரு முறை. தொடர்பு அறுந்தது.

"மாதாவே!" என்று அலறினாள். புஸ்பம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

துண்டித்துக் கிடந்த இன்டர்நெட்டில் கணினிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'யோசேப்பின் மதிப்பீடு முடிந்தது.' அதோடு ஒரு படம். அவள் தொடவில்லை. அது தானாகவே திறந்தது.

படம் மேலிருந்து கீழே, வரி வரியாக இறங்கியது. ஈரத் தலைமுடி. நெற்றி. மூடிய கண்கள். மீசை. யோசேப்தான். ஐயோ, யோசேப்தான். நாடி. கழுத்து, இரண்டு விரல் அளவு.

அதற்குக் கீழே மேசைப் பலகை.

செசீலியா தொலைபேசி வயரைப் பிடுங்கினாள். மின்சாரத்தையும் பிடுங்கினாள். திரை அணையவில்லை. பலகையில் இரத்தம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

அவள் படத்தின் மேற்பக்கத்தைப் பார்த்தாள்.

மூடியிருந்த கண்கள் இப்போது திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தன.