தேனீக்களுக்குச் சொல்லாத சாவு

வரிசையில் முதல் தேன்கூட்டின் மேல் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

ஸெலி விறகுக் கூடையோடு அப்படியே நின்றாள். அக்டோபர் மாதத்துப் பிற்பகல். மொர்வான் மலையிலிருந்து இறங்கிய மூடுபனி தோட்டத்துச் சுவரைப் பாதி விழுங்கியிருந்தது. அழுகிய ஆப்பிள் வாடையும் ஈர வைக்கோல் வாடையும் மூக்கில் ஒட்டின. எங்கோ ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் அந்தத் துணி அங்கே இல்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டு எஜமான் செத்தால் முதலில் தேனீக்களுக்குத்தான் சொல்ல வேண்டும். பாதிரியாருக்குக்கூட அப்புறம்தான். ஒவ்வொரு கூட்டையும் விரலால் மூன்று தட்டுத் தட்டி, 'உங்கள் எஜமான் போய்விட்டார்' என்று சொல்லிக் கறுப்புத் துணி கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் பனி விழுவதற்குள் கூடெல்லாம் செத்துவிடும். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் கட்டுவார்கள்.

ஆனால் ஆன்ஸெல்ம் செத்தது ஊரில் யாருக்கும் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை ஸெலியின் புருஷன் தேன் விற்கச் சந்தைக்கு நடந்து போயிருக்கிறான். வழியில், தண்ணீர் நிரம்பிய பழைய கல்குழிக்குப் பக்கத்தில், வண்டிக்காரன் ஓனொரே அவனுக்காகக் காத்திருந்தான். யார் வீட்டுக்கு விறகு கொண்டுவந்தாலும் கடைசியில் ஸெலியின் வீட்டுப் பின்கதவில் வந்து நிற்கிற ஓனொரே. உடல் மிதந்து யார் கண்ணிலாவது படும்வரை அவள் புருஷனை எதிர்பார்த்து அடுப்பில் சூப் வைத்திருக்கும் பெண்சாதி. அதற்கு முன்னால் இந்தத் துணியை ஒருவர் பார்த்தால் போதும், கொலைக்குத் தண்டனையாக வெட்டுக்கத்தியின் கீழே இரண்டு தலை போகும்.

முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துப் பிய்த்தாள். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அடுப்பில் போட்டதும் வீடு முழுக்கத் தேன்மெழுகும் புகையும் கலந்த மணம் எழுந்தது, ஆன்ஸெல்மின் சட்டை மணம்.

பின்கதவு வழியே ஓனொரே உள்ளே வந்தான். வந்த வேகத்தில் ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தான்.

"நீயா கட்டின?"

"எதை?"

"கூட்டு மேல. கறுப்புத் துணி."

"எனக்கென்ன கிறுக்கா? நானே தமுக்கடிச்சுச் சொல்வேனா?"

"நெசமாவே செத்துட்டானா ஓனொரே?"

"குமிழி நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்டி."

"அப்ப பூச்சிங்களுக்கு நான் சொல்லியிருக்கணும். அவன் பிள்ளை மாதிரி வளர்த்தான்."

"பூச்சிக்காகக் கழுத்தை நீட்டுவியா? உனக்கு அவன் மேல இப்பத்தான் பாசம் பொங்குது! பேசாம சூப்பை ஊத்து."

இந்த வாய்க்காகத்தான் அவள் இரண்டு வருடம் பொய் சொன்னாள். இப்போது அது ரொட்டி மெல்வதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆன்ஸெல்ம் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. அலுப்பூட்டினான், அவ்வளவுதான். அதற்கா இது?

வெளியே குரல் கேட்டது.

"ஏய் ஸெலி! உங்க வீட்ல யாரு போயிட்டாங்க?"

பக்கத்து வீட்டு மார்த். ஸெலி ஓடினாள். சுவருக்கு மேலே மார்த்தின் தலை மட்டும் பனியில் மிதந்தது. இந்தப் பக்கம் இப்போது எல்லாக் கூடுகளிலும் கறுப்புத் துணி. கடைசிக் கூடு ஒன்றைத் தவிர.

"யாரும் இல்லக்கா. பூச்சிங்களுக்குக் குளிருதேன்னு..."

"குளிருக்குக் கறுப்புத் துணியா? வாய கழுவு. அதுக்குத்தான் உன் வீட்டுக்காரன் அங்க முட்டி போட்டுக்கிட்டு இருந்தானா?"

"அவரு சந்தைக்குப் போயிருக்காரே."

"அட, வந்துட்டான்டி! இப்பத்தான் பாத்தேன். கூட்டுல வாய வச்சு என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தான். கூப்பிட்டா திரும்பல. தலையிலிருந்து கால்வரை ஒழுகுது. முதல்ல துவட்டி விடு, காய்ச்சல் வந்துரும்."

மார்த்தின் மரச்செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பனி இன்னும் கீழே இறங்கியது.

டொக். டொக். டொக்.

கடைசிக் கூடு. அங்கே யாரோ குனிந்திருந்தார்கள்.

"குட்டிங்களா, உங்க எஜமான் போயிட்டான். அவ சொல்ல மாட்டா. அதான் நானே வந்தேன்."

அவன் குரல்தான். கோபமே இல்லாத குரல். தொண்டையில் தண்ணீர் களகளத்தது. பிறகு அந்த உருவம் நிமிர்ந்து, வரிசையின் முதல் கூட்டுக்கு மெதுவாக நடந்து போனது. மறுபடி தட்டியது.

"குட்டிங்களா, எஜமானியும் போயிட்டா."

"இல்ல!" என்று கத்தினாள். "நான் உசுரோட இருக்கேன்!"

கூடுகளிலிருந்து தேனீக்கள் வெளியே வந்தன. இந்தக் குளிரில் வரவே கூடாது. அவை பறக்கவில்லை, நடந்து வந்தன. புல்லின் மேல் ஒரு கறுப்பு ஈரம்போலப் பரவின. அவள் செருப்பில் ஏறின. காலுறையில். பாவாடையில். ஒன்றுகூடக் கொட்டவில்லை. மார்பில். கழுத்தில். மெல்லிய கால்கள். உதட்டில். வாயைத் திறக்க முடியவில்லை. கண் மட்டும் மிச்சம்.

சமையலறைக் கதவு திறந்தது. விளக்கோடு ஓனொரே எட்டிப் பார்த்தான்.

"ஸெலி? யாரோடடி பேசிக்கிட்டு இருக்க?"

விளக்கு வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. அவன் அவளை நேராகப் பார்த்தான். வரிசையில் கறுப்புத் துணி போர்த்திய இன்னொரு கூட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பார்வையை நகர்த்திக்கொண்டான். கதவு மூடியது.

ஈரமான விரல் ஒன்று அவள் நெற்றியில் தட்டியது. மெதுவாக, மூன்று முறை.

அவளுக்குள்ளிருந்து ரீங்காரம் பதில் சொன்னது.