எழுத்தின் மேல் ஒரு சின்ன மலை

7-8-2025, வியாழன்.
இன்று செய்த தவறு: ஒன்று. ராஜேஷின் வாக்கியத்தில் தொப்பி போட மறந்துவிட்டேன். சின்னத் தவறுதான். சின்னதுதானா என்று நாளை யோசிக்க வேண்டும்.

அருள்மொழி பேனாவை மூடினாள். உடனே திறந்தாள். 'நாளை' என்பதை அடித்துவிட்டு 'இப்போதே' என்று எழுதினாள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் அருள்மொழி எதையும் ஒழுங்காகச் செய்வாள். செய்து முடித்ததும், ஒழுங்காகத்தான் செய்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டு நான்காவது முறை இழுக்க ஓடி வருவாள்.

அவள் மறந்தது தலையில் போடும் தொப்பி இல்லை. ஒரு பிரெஞ்சு எழுத்தின் தொப்பி.

கள்ளக்குறிச்சியில் ஒரு தையல் கடையின் மாடியில், திங்களும் வியாழனும் மாலையில் வளர்மதி மிஸ் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தார். புதுச்சேரியில் படித்துவிட்டு வந்தவர். வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். சுவரில் ஒரு பழைய வினைச்சொல் அட்டவணை தொங்கியது. அதன் கடைசிக் கட்டத்தை மட்டும் மிஸ் நடத்தவே இல்லை.

"அது வேணாம் புள்ளைங்களா. அந்த வினைக் காலத்தை இப்ப யாரும் பேசறதில்ல. பழைய புத்தகத்துல மட்டும்தான் இருக்கும்," என்றார்.

"யாருமே பேசலன்னா, நாங்க தப்பா பேசினாலும் யாருக்கும் தெரியாதே மிஸ்! அதையே சொல்லிக் குடுங்க," என்றான் ஆகாஷ்.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதோட பேரு ப்ளூஸ்-க-பார்ஃபே. முழுமைக்கும் மேலன்னு அர்த்தம்."

"பல்பொடி பேரு மாதிரி இருக்குது மிஸ்!"

"நடந்திருக்கும், ஆனா நடக்கல. அதைச் சொல்ற காலம் இது. மழை பெஞ்சிருக்கும், ஆனா பெய்யல. பஸ்ஸைப் புடிச்சிருப்பேன், ஆனா புடிக்கல."

நடக்காததற்கென்று தனியாக ஒரு காலமா? அருள்மொழிக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

மிஸ் பலகையில் எழுதிக் காட்டினார். 'அவள்' என்று வரும்போது eût என்று நடு எழுத்துக்கு ஒரு தொப்பி. தொப்பி இருந்தால் நடக்காதது. கழற்றிவிட்டால் நடந்தது. 'நான்' என்றால் தொப்பி கிடையாது. அதற்குப் பதிலாக eusse என்று ஒரு வால். வாலில் கடைசி இரண்டு எழுத்துகளை வெட்டினால் அதுவும் நடந்ததாகிவிடும்.

"சொல்லும்போது தொப்பி காதுல விழாது. போட்டாலும் போடலன்னாலும் ஒரே சத்தம்தான். உதட்டை 'ஊ'ன்னு குவிச்சுக்குங்க. அப்படியே 'ஈ'ன்னு சொல்லுங்க."

ஐந்து பேரும் சொன்னார்கள். கீழே தையல் மெஷின் சத்தம் நின்றது. யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்க டெய்லர் படியேறி வந்துவிட்டார்.

பிறகு ஆளுக்கொரு வாக்கியம் எழுதினார்கள். ஆகாஷ், 'நான் எட்டு பரோட்டா தின்றிருப்பேன்' என்று எழுதினான். அருள்மொழி, 'நான் மேகங்களைப் பார்த்திருப்பேன்' என்று எழுதினாள். அவள் அப்பா வெற்றிவேல், கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஆனாலும் அவள் மலை உச்சியைப் பார்த்ததில்லை. இரண்டாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும்.

ராஜேஷின் வாக்கியம்தான் எல்லாவற்றிலும் சின்னது. Ma mère eût ri. மா மேர் யூ ரி. 'என் அம்மா சிரித்திருப்பாள்.'

ராஜேஷின் ஊர் மலைமேல், வெள்ளிமலையிலிருந்து இரண்டு மணி நேர நடை. அங்கே போன் எடுக்காது. அவன் கள்ளக்குறிச்சியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். மாமா அவனைத் தனியாக பஸ் ஏற்றமாட்டார். ஞாயிறுதோறும் சாமான் வாங்க வெள்ளிமலைக்கு வருகிற அம்மாவைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அருள்மொழியின் கையெழுத்து அழகானது. எல்லா வாக்கியங்களையும் அவள்தான் சார்ட்டில் பென்சிலால் எழுதினாள். திங்களன்று மிஸ் திருத்தியதும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதவேண்டும். வியாழனன்று மிஸ் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

சார்ட்டை முதலில் படித்தது ஆகாஷ்தான்.

"டேய் ராஜேஷு, தொப்பி இல்லடா! அப்ப உங்கம்மா சிரிச்சாங்கன்னு ஆவுது. இங்க வந்தாங்களா இன்னா?"

அருள்மொழிக்குத் திக்கென்றது. "தப்பு என்னுது..." என்று தொடங்கினாள்.

ஆனால் ராஜேஷ் முந்திக்கொண்டான். "ஆமா. இந்த வாக்கியத்தக் கேட்டாங்க. சிரிச்சாங்க."

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம."

"புளுகாதடா! இந்தப் பாடமே இன்னிக்குதான் நடந்துச்சு. இரு, திங்கக்கெழம மிஸ்ஸுகிட்டயே கேக்கறேன்."

ராஜேஷ் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அருள்மொழி பின்னாலேயே ஓடினாள். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில், வீடுகளுக்கும் கரும்பு வயல்களுக்கும் அப்பால், கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது.

"ராஜேஷு, தொப்பிய நான்தான் வுட்டுட்டேன். இப்பவே போய் போட்டுடறேன்."

"போடாத."

"ஏன்?"

"அது தொப்பி இல்ல. மலை." அவன் விரலால் காற்றில் ஒரு கூரை போல வரைந்தான். "எழுத்து மேல மலை இருந்தா, அம்மா அந்தாண்ட பக்கம். மலைய எடுத்துட்டா, இந்தாண்ட பக்கம். மலை இல்லாமயே நல்லா இருக்குது."

அருள்மொழி மலையைப் பார்த்தாள். அதன்மேல் ஒரு மேகம் படுத்திருந்தது. மேகம் நகர்ந்தபோது மலையும் நகர்வது போலிருந்தது. யாராவது ஒரு பெரிய ரப்பர் வைத்திருந்தால், மெதுவாகத் தேய்த்து மலையை அழித்துவிடலாம் என்று தோன்றியது.

"நான் இனிமே வகுப்புக்கு வரல. ஆகாஷு என்னைப் புளுகன்னு சொல்லிக்கினே இருப்பான்," என்றான் ராஜேஷ்.

அதுதான் சிக்கல். தொப்பியைப் போட்டால் ராஜேஷ் சொன்னது பொய்யாகிவிடும். போடாவிட்டால் சார்ட்டில் இருப்பது தவறாகிவிடும். தவறை அப்படியே விட்டுவிட அருள்மொழியால் முடியாது. ராஜேஷை விட்டுவிடவும் முடியாது.

அன்று இரவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் இதைத்தான் யோசித்தாள். பத்து நிமிடம் யோசித்தபின் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ராஜேஷ் 'ஞாயித்துக்கெழம' என்றுதான் சொன்னான். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லையே! திங்களுக்கு முன்னால் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது.

வேலை முடிந்து அப்பா வந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம நானும் ராஜேஷும் உங்க பஸ்ஸுல மலைக்கு வரோம்."

"நீயா? போன தடவ என் டிக்கெட் பையெல்லாம் நாஸ்தி பண்ணியே!"

"இந்தத் தடவ எலுமிச்சம்பழம் ரெண்டு எடுத்தாறேன்பா."

அப்பாவே ராஜேஷின் மாமாவிடம் பேசினார். கண்டக்டர் கூடவே இருப்பதால் மாமாவும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் மலையேறியது. முதல் வளைவு. எலுமிச்சை மூக்கில். இரண்டாவது வளைவு. அருள்மொழி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்றாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாகிவிட்டது. நல்லவேளை, டிக்கெட் பை தப்பித்தது.

"கீழ பாக்காத அருளு. மேல பாரு," என்றான் ராஜேஷ்.

மேலே பார்த்தாள். மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ நடந்து வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் ஜன்னலுக்குள் நுழைந்து, அவள் கன்னத்தை ஈரமாகத் தொட்டுவிட்டு, அடுத்த ஜன்னல் வழியாக வெளியே போனது.

"இது இன்னா?"

"மேகம்," என்றான் ராஜேஷ், ஏதோ தெருநாயைச் சொல்வது போல.

வெள்ளிமலையில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். சாமான் வாங்க வந்த ராஜேஷின் அம்மா வெள்ளச்சி, ஒரு கொய்யா மூட்டையோடு கடையோரம் நின்றிருந்தாள்.

"யம்மா!"

வெள்ளச்சி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னாடா கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்துட்ட? ஒடம்பு செரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கறேன். ஒண்ணு சொல்றேன், கேளு." ராஜேஷ் உதட்டைக் குவித்தான். "மா மேர் யூ ரி!"

வெள்ளச்சி சிரிக்கவில்லை. அவன் தாடையைப் பிடித்து வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "பல்லு வலிக்குதாடா?"

"இல்லீங்க, அது பிரெஞ்சு. இப்பிடிச் சொல்லணும்," என்று அருள்மொழியும் உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

"உனுக்குமா பாப்பா? கள்ளக்குறிச்சில எல்லாருக்கும் இந்த வாய்வலி வந்துக்கினு இருக்குதா?" வெள்ளச்சியின் முகத்தில் கவலை அதிகமானது.

இன்னும் மூன்று நிமிடம்தான் இருந்தது. தப்பாகத் திட்டம் போட்டுவிட்டோமோ என்று அருள்மொழி முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினாள்.

அப்போது அப்பா வந்தார். "இன்னா பாடம் அது? எப்பிடிச் சொல்லணும்?"

"வாயி 'ஊ', சத்தம் 'ஈ' அப்பா."

"ப்பூ, இவ்ளோதானா! விசில் ஊதற வாயிதான?" என்றார் அப்பா. வழக்கம்போல விசிலை உதட்டில் வைத்துக்கொண்டே உதட்டைக் குவித்தார்.

"வீஈஈஈஈ!"

டிரைவர் பச்சமுத்துவுக்கு விசில் கேட்டால் போதும். பஸ் கிளம்பிவிட்டது.

"யோவ் பச்சமுத்து! நிறுத்துய்யா! நான் கீழ கீறேன்யா!" டிக்கெட் பை முதுகில் குதிக்க அப்பா ஓடினார். "கண்டக்டரே, சீக்கிரம் வாங்க, இல்லன்னா டிக்கெட் எடுக்கமாட்டோம்!" என்று பின்சீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்.

வெள்ளச்சியின் தோள்கள் குலுங்கின. சேலை முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்த முடியவில்லை. சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கொய்யா மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுடா அத," என்றாள் மூச்சு வாங்க.

"மா மேர் யூ ரி," என்றான் ராஜேஷ் மெதுவாக.

தொப்பி இருக்கிறதா இல்லையா என்பது காதுக்குத் தெரியாதுதான். ஆனால் ராஜேஷுக்குத் தெரிந்தது. அருள்மொழிக்கும் தெரிந்தது.

மேகம் இறங்கி வந்து மூன்று பேரையும் மூடிக்கொண்டது. கடை மறைந்தது, சாலை மறைந்தது. சிரிப்புச் சத்தம் மட்டும் அந்த வெள்ளைக்குள் மிதந்தது.

"ராஜேஷு, இப்ப மலை எங்க இருக்குது?" என்று கேட்டாள் அருள்மொழி.

அவன் குனிந்து பார்த்தான். "காலுக்குக் கீழ!"

கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்ட பஸ், அவர்களைத் தேடி ஹாரன் அடித்தது.

10-8-2025, ஞாயிறு.
இன்று செய்த தவறு: இல்லை. இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். வாந்தி: ஒரு முறை. அது தவறில்லை என்று அப்பா சொன்னார்.
ராஜேஷின் வாக்கியம்: தொப்பி தேவையில்லை.
நாளைய வேலை: தொப்பியை விட்டது நான்தான் என்று மிஸ்ஸிடமும் ஆகாஷிடமும் சொல்ல வேண்டும். ஆகாஷுக்கு இரண்டு கொய்யா கொடுக்க வேண்டும். பிறகு சார்ட்டில் என் மேக வாக்கியத்தின் வாலில் கடைசி இரண்டு எழுத்துகளை அழிக்க வேண்டும். ரப்பர் எடுத்துப் போக வேண்டும்.