புள்ளியின் இருபது விரல்கள்

ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்குக் 'குடைச்சல்' என்று பெயர். பள்ளியில் வேறு பெயர் உண்டு. வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

அவள் வளர்ப்பது ஒரு சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், கொழுத்த வால். சுவரில் ஏறத் தெரியாது. ஆனால் கண் சிமிட்டும். அதன் பெயர் புள்ளி.

திங்கட்கிழமை புள்ளி மாவில் புரண்டதுபோல வெளிறிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை தோல் உரித்துப் பளபளவென்று நின்றது. உரித்த தோலைக் கண்ணாடிப் பெட்டி முழுக்கத் தேடினாள். காணோம்.

"எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் மாமா. அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்வார்.

அவள் புள்ளியின் விரல்களை எண்ணினாள். இருபது. ஆனால் முன்னங்காலில் ஒரு விரலைப் பழைய தோல் நூல்போல இறுக்கிச் சுற்றியிருந்தது. விரல் வீங்கியிருந்தது.

மாமா பெயின்ட் சுரண்டும் தகட்டோடு வந்தார். "தள்ளு. பழசைச் சுரண்டாம புதுசு நிக்காது. வெடுக்குன்னு இழுத்துடறேன்."

"மாமா, நீங்க பல்லி வளர்த்திருக்கீங்களா?"

"விரட்டியிருக்கேன். நூறு இருக்கும்."

அவள் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "சுவத்தைச் சுரண்டறதுக்கு முன்னாடி ஏன் மாமா தண்ணி தெளிக்கிறீங்க?"

"ஊறினாத்தானே சுண்ணாம்பு தானா விடும்? காஞ்ச சுவத்துல கை வெச்சா காரையும் சேர்ந்து பேந்து வந்துடும்."

அவள் மாமாவையே பார்த்தாள். மாமா தகட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அம்மாவின் போனில் விலங்கு மருத்துவரைக் கூப்பிட்டாள்.

"நீ யோசிச்சது சரிதான்" என்றார் மருத்துவர். "காஞ்ச தோலை இழுக்கக் கூடாது. அப்படியே விட்டாலும் ரத்தம் ஓடாம விரல் விழுந்துடும். பாதம் நனையற அளவு வெதுவெதுப்பான தண்ணில கால் மணி நேரம் நிக்க வை. அப்புறம் ஈரப் பஞ்சால மெல்லத் தடவு. வரலைன்னா நாளைக்குக் கொண்டு வா. பெட்டில கீழ என்ன போட்டிருக்க?"

"மணல். கடைக்காரர் சொன்னார்."

"அவரு பல்லி வளர்க்கிறாரா?"

"இல்ல, விக்கிறார்."

"மணலை எடுத்துடு. இரையோட வயித்துக்குள்ள போய் அடைச்சுக்கும். வெறும் காகிதம் போதும். அது ஒளிஞ்சுக்க, ஈரக் காகிதம் போட்ட சின்ன டப்பா ஒண்ணும் வை. அடுத்த தடவை தோல் ஒட்டாது."

வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய அகலமான டப்பாவில் புள்ளி நின்றது. ஒரு நிமிடத்தில் மாமா கேட்டார்: "ஆச்சா?"

"இல்ல."

"இப்போ?"

"மாமா, இப்போ நீங்கதான் குடைச்சல்."

கால் மணி நேரம் ஆனதும் பஞ்சால் தடவினாள். வரவில்லை. மீண்டும் தடவினாள். தோல் குட்டிக் கையுறைபோல நழுவி வந்தது. விரல் பத்திரமாக இருந்தது.

மாமா குனிந்து பார்ப்பதற்குள் புள்ளி தலையைத் திருப்பி, அந்தத் தோலைக் கவ்வி விழுங்கிவிட்டது. பிறகு நிதானமாகக் கண் சிமிட்டியது.

"அப்போ காணாமப்போன தோலையும் எறும்பு தூக்கலையா?" என்றாள் அவள்.

மாமா தன் தகட்டில் ஒட்டியிருந்த காய்ந்த பெயின்ட்டைப் பார்த்தார்.

"நல்லவேளை, எங்க தொழில்ல இந்த வழக்கம் இல்ல" என்றார்.