துண்டுக்குள் இன்னொரு கை

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம். உச்சி வேளையில் போடிமெட்டில் ஜீப்பை விட்டு இறங்கினேன். ஆள் சேர்க்க வந்திருந்தேன்.

மெட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் தானியேல் மாமாவின் ஏலத்தோட்டம். போடிக்காரனுக்குச் செக்போஸ்டைத் தாண்டினால் சீமைதான். போலீசு வேறு, பாஷை வேறு, காகிதம் வேறு. கூலிக்கு மட்டும் நம் ஊர் ஆள் வேண்டும். செடியில் காய் பழுத்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வாரத்துக்குள் இருபது ஆள் ஏறாவிட்டால் தோட்டத்தைப் பார்க்க என் இடத்தில் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று மாமா சொல்லிவிட்டார்.

மூடுபனி. நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. ரோட்டோரக் கல்லில் ஒருவன் சாக்குக் கொங்காணியைத் தலையில் கவிழ்த்துக் குத்தவைத்திருந்தான். ஆள் பிடித்துத் தருகிற சிலமலைக் கங்காணி மொக்கச்சாமிதான் என்று நினைத்தேன். வேறு யார் அங்கே எனக்காக உட்கார்ந்திருப்பான்?

எங்கள் வழக்கம் தெரியுமல்லவா? ஏலக்காய் விலையோ ஆள் கணக்கோ, வாயால் பேசமாட்டோம். துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து முடிப்போம். உள்ளங்கையை அழுத்திவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாற்றுகிறவன் கடைவீதியில் கடை வைக்க முடியாது.

துண்டை விரித்தேன். உள்ளே ஒரு கை வந்தது. மழையில் ஊறிய விறகு மாதிரி ஈரம். அதில் ஏலக்காய் வாசனை, அதன் அடியில் கிளறிய மண்ணின் வாசனை. ஐந்து விரலையும் நாலு முறை பிடித்தேன். இருபது. அந்தக் கை என் ஒற்றை விரலைப் பிடித்தது. இன்னும் ஒன்று. கொசுறுக்கு ஒரு ஆள் என்றால் கசக்குமா? உள்ளங்கையை அழுத்தி முடித்தேன்.

அப்போதுதான் உறைத்தது. அவன் ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றது. மடக்கிவைத்து என்னை ஏய்க்கிறான் என்று தடவிப் பார்த்தேன்.

மடக்கவில்லை.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. மொக்கச்சாமி குதித்திறங்கினான்.

"வெரசா வந்துட்டீகளே மொதலாளி. யாருகிட்டத் துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறீக?"

கல்லில் யாருமில்லை. உட்கார்ந்த இடம் மட்டும் நனைந்திருந்தது.

பாதி விரல் உள்ள கங்காணி ஒருவனை எனக்குத் தெரியும். அமாவாசை. அவனும் சிலமலைதான். கவாத்துக் கத்தியில் விரல் போனது. போன கார்த்திகையில் குளிர்காய்ச்சல் கண்டு தோட்டத்துக் கூலி லயத்திலேயே செத்தான். எல்லை தாண்டிப் பிணத்தை இறக்கினால் அந்தச் சீமைப் போலீசுக்குப் பதில் சொல்லணும். ஜீப்பில் மூட்டை வேறு ஏற்றியிருந்தேன். காய் வாட்டுகிற ஸ்டோருக்குப் பின்னால் புதைத்தேன். அவன் பெண்டாட்டி சுருளியம்மாளிடம், வேறு எஸ்டேட்டுக்கு ஓடிவிட்டான் என்று சொன்னேன். உண்மை வெளியே வந்தால் அப்புறம் சிலமலையிலிருந்து ஒரு உயிர் எங்கள் தோட்டத்துக்கு ஏறாது.

மொக்கச்சாமியின் லாரியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் சுருளியம்மாள்.

அவளை நான் கேட்கவில்லையே என்றேன். நான் பிடித்தது பத்தொன்பதுதான், இவளாகவே வந்து ஏறிக்கொண்டாள், நீங்கள் சொல்லி அனுப்பியதாக நினைத்தேன் என்றான் மொக்கச்சாமி.

மறுநாள் காலை ஆட்கள் வரிசை கட்டுகிற பெரட்டுக்களத்தில் பேர் வாசித்தேன். இருபது பேருக்கும் இருபது குரல். பனிக்குள் கொங்காணிகளை எண்ணினேன்.

இருபத்தொன்று.

அன்று சாயங்காலம் காய் நிறுக்கும்போது ஒரு கூடை கூடுதலாக இருந்தது. அதில் காய் இல்லை. செம்மண். குழிக்குள்ளிருந்து எடுத்த மாதிரி சில்லென்றிருந்தது. யாருடைய கூடை என்று கேட்டேன். எல்லாரும் அவரவர் கூடையைத் தொட்டுக் காட்டினார்கள்.

முதல் நாள் அந்தக் கூடுதல் கொங்காணி வரிசைக் கடைசியில் நின்றது. நாலாம் நாள் நடுவில். எட்டாம் நாள் என் எதிரில். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒன்பதாம் நாள் எண்ணினேன். இருபதுதான். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

என் பிடரியில் ஈரமாக இன்னொரு மூச்சு பட்டது.

பேர் டாப்பு நோட்டைப் போட்டுவிட்டு ஸ்டோருக்குள் ஓடினேன். சுருளியம்மாள் அங்கே காய் பரப்பிக்கொண்டிருந்தாள். புகையும் வெக்கையும். மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், குழி, பொய்.

அவள் அழவில்லை. கை வேலையை நிறுத்தவில்லை.

"தெரியும் மொதலாளி," என்றாள் மெதுவாக. "வீட்டு வாசலுக்கு வந்து அவருதான் என்னையக் கெளப்பிவிட்டாரு. போயி ஏறு, என்னைய ஊருக்கு எறக்கிவிடச் சொல்லி மொதலாளிகிட்டக் கை வாங்கிர்றேன்னாரு. நீங்க கை குடுத்துட்டீகளாம்ல?"

இருபது பேரை ஊருக்கு இறக்குகிற வண்டியில் இன்னும் ஒன்று. கொசுறு இல்லை, அவனேதான்.

அன்றே நானும் மொக்கச்சாமியும் தோண்டினோம். பக்கத்தில் நிற்கிற கொய்யா மரத்துப் பக்கம் நான் திரும்பவே இல்லை. எலும்பைக் கோணியில் கட்டி ஜீப்பில் என் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். செக்போஸ்டில் ஏலக்காய் என்றே சொன்னேன். வாசனையும் அப்படித்தான் இருந்தது. சிலமலையில் அவளே கொள்ளி வைத்தாள். ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் போகவில்லை. மறுநாள் பெரட்டில் இருபது கொங்காணிகள்தான். சீசன் முடிய அப்படியே இருந்தது.

தை மாதம் போடியில் சரக்கு விற்க உட்கார்ந்தேன். நல்ல வெயில். கடை நிறைய ஆள். வியாபாரி தங்கபாண்டியன் எதிரே உட்கார்ந்து துண்டைப் போர்த்தினார். கையை விட்டேன். அவர் கை சூடாக இருந்தது. நாலு விரலைப் பிடித்தார்.

அதற்கு அடியில் ஈரமாக இன்னொரு கை ஊர்ந்து வந்தது.

இதில் ஐந்து விரலும் முழுசு. சின்னக் கை. அதன் கண்ணாடி வளையல் என் விரலில் இடித்தது.

அது என் ஒற்றை விரலைப் பிடித்தது. விடவில்லை.

"என்ன சின்னத்துரை, வேர்க்குது?" என்றார் தங்கபாண்டியன்.

கொய்யா மரத்தடியில் இன்னொரு புதைமேடு இருக்கிறது. அமாவாசைக்கும் முந்திய வருஷத்து மேடு. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.