பெயர் நீக்கிய புகார்

முதியோர் இல்லங்களைப் பற்றிய புகார்களை வாங்கும் அந்த அலுவலகத்தில் வெளியாட்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி. அதற்கும் ஒரு கால் ஆடும். திங்கட்கிழமை காலை அதில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை. அவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் இல்லத்து மேல புகார் கொடுக்க வரல மேடம். அது ஏற்கெனவே கொடுத்தாச்சு. எங்கப்பாவை யார் காட்டிக்கொடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சுத் தரணும்."

விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இருபத்திரண்டு வருடமாக இதே மேஜையில் எத்தனையோ கண்ணீரைப் பார்த்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பக்கத்து மேஜை எழுத்தர் அதற்கு நேர்மாறு. எந்தக் கோப்பு வந்தாலும் மேலே சிவப்பு மையில் 'உடனடி' என்று எழுதிவிடுவார். அதனால் அவர் பெயரே உடனடி ஆகிவிட்டது. துப்புத் துலக்குவதென்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார்.

அவள் அப்பா தையற்காரர். இல்லத்தில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்கள், நடுங்கினால் அடிக்கிறார்கள் என்று ஐந்து வாரத்துக்கு முன் தன் கைப்பட ஒரு பக்கம் எழுதினார். பெயரைத் தனிச் சீட்டில் எழுதி, 'ரகசியமாக வைக்கவும்' என்று குறித்து, கடிதத்தோடு குண்டூசியால் குத்தினார். அதைத் தபாலில் போட்டது மகள். வேறு யாருக்கும் தெரியாது, அதே அறையில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரைத் தவிர.

"பத்தே நாள்ல அப்பாவைப் பின்னறைக்கு மாத்திட்டாங்க. கூப்பிடுற மணியோட ஒயரைப் பிடுங்கிட்டாங்க. மத்தியானம் கட்டில்லேருந்து விழுந்தவரைச் சாயங்காலம் டீ கொடுக்க வந்தவங்கதான் பாத்திருக்காங்க. இடுப்பு எலும்பு போச்சு. இன்னும் ரெண்டு மூணு நாள்தான்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "உன் பொண்ணுதான் லெட்டரோட நகலை எங்கிட்ட கொடுத்தான்னு மேலாளர் அப்பாகிட்ட சொல்லியிருக்கார். அப்பா நம்பிட்டார். என் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கறார் மேடம். இப்படியே போயிட்டார்னா நான் எப்படி இருப்பேன்?"

உடனடி அவள் எழுதிக்கொடுத்த தாளை வாங்கித் துளைபோடும் மிஷினில் வைத்து அழுத்தினார். மேல் துளை வட்டமாக விழுந்தது. கீழ்த் துளை வழக்கம்போல் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டது. புது மிஷின் கேட்டு எழுதி மூன்று வருடம் ஆகிறது.

"நம்ம பக்கம் ஒரு குறையும் இல்ல மேடம்," என்றார் அவர். "இவங்கப்பா புகாருக்கு அன்னைக்கே ஒப்புகை அட்டை இந்தம்மா விலாசத்துக்குப் போயிடுச்சு. அன்னைக்கே இல்லத்துக்கு விளக்கம் கேட்டும் அனுப்பியாச்சு. பெயர்ச் சீட்டை என் கையாலயே எடுத்தேன். எனக்கென்னவோ அந்தக் கண்டக்டர் மேலதான் சந்தேகம்."

"போய்ப் பார்ப்போம்," என்றார் அதிகாரி.

மகளும் கூட வந்தாள். இல்லத்தின் நடையெல்லாம் பினாயில் வாடை. தையற்காரர் முன்பு இருந்த அறையில் ஜன்னலோரக் கட்டிலில் இப்போது கண்டக்டர் படுத்திருந்தார். உடனடி அதிகாரியின் காதருகே வந்து, "ஜன்னலோர சீட்டுக்காக நண்பனையே வித்துட்டார், பாருங்க," என்றார்.

"எந்திரிங்க அண்ணே. மேலாளர் அறைக்கு எல்லாரும் போகலாம்," என்றார் அதிகாரி கண்டக்டரிடம்.

மேலாளர் சிரித்த முகம். நாற்காலி போடச் சொல்லி, மின்விசிறியைக் கூட்டி, கேட்பதற்கு முன்பே மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

"ஆதாரம் இல்லாம நான் பேச மாட்டேன். இதோ, இவங்க கொடுத்த நகல்." மகளைப் பார்த்தே சொன்னார். "தபால்ல போடுறதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் எடுத்து எங்கிட்ட கொடுத்தாங்க. பெத்த அப்பன் பாரம்னா பிள்ளைங்க என்னவும் செய்யும்."

மகள் வாயைத் திறந்தாள். அதிகாரி கையமர்த்தினார். "தபாலுக்கு முன்னாடின்னு உறுதியாத் தெரியுமா?"

"சத்தியமா."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மேலாளர் தயங்காமல் போட்டார். அதிகாரி நகலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மேஜையில் வைத்து, உடனடியின் கோப்பிலிருந்து அன்று காலை மகள் எழுதிய தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நகலோட இடது ஓரத்துல ரெண்டு கறுப்பு அடையாளம். துளை போட்ட தாளை ஜெராக்ஸ் எடுத்தா இப்படித்தான் விழும். மேல வட்டம். கீழ ஒரு பக்கம் பிய்ஞ்சிருக்கு. காலையில இந்தம்மா தாள்ல நம்ம மிஷின் போட்ட துளையையும் பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"தபால்ல போகும்போது லெட்டர்ல துளை கிடையாது. துளை விழுந்தது நம்ம ஆபீஸ்ல. அதுக்கப்புறம் எடுத்த நகல் இது. இந்தம்மாவும் கொடுக்கல, கண்டக்டரும் கொடுக்கல."

கண்டக்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "ஜன்னல் கட்டில் எனக்கு வேணாம்னுதான் சொன்னேன். யாரும் கேக்கல," என்றார்.

உடனடிக்குக் காது சிவந்துவிட்டது. "அப்ப நம்ம ஆளுங்க எவனோ வித்திருக்கான் மேடம். வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு. விடக் கூடாது."

"யாரும் விக்கல. தபால் தலை ஒட்டி நாமே அனுப்பியிருக்கோம். விளக்கம் கேட்டு அனுப்பின கவர்ல என்ன வெச்சீங்க?"

"புகாரோட நகல். பெயர்ச் சீட்டை எடுத்துட்டுத்தான்..."

"டைப் அடிச்சா?"

உடனடி கோப்பை மூடினார்.

"டைப்பிஸ்ட் லீவு. கெடு மூணு நாள். அதான் ஜெராக்ஸ்... பெயரை எடுத்துட்டேனே மேடம். விதியில அதுதானே இருக்கு? பெயரை நீக்கி அனுப்பணும்னு."

"பெயரை எடுத்தீங்க. ஆனா எழுத்து அவர் கைப்பட எழுதினதுதானே. இல்லத்துல சேரும்போது படிவத்தை அவரே பூர்த்தி செஞ்சிருக்கார். ரெண்டையும் பக்கத்துல வெச்சா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இல்லையா மேலாளர்?"

மேலாளர் அப்போதும் சிரித்தார். "கண்ணு இருக்குறவன் பாப்பான்."

"பொண்ணு மேல பழி போட்டது எதுக்குன்னும் தெரியுது. வாரத்துக்கு மூணு தடவை வர்றவங்க. இனிமே அப்பா அவங்ககிட்ட எதையும் சொல்லிடக் கூடாது."

"எழுதுங்க மேடம். என் மேல தாராளமாப் புகார் எழுதுங்க. விளக்கம் கேட்டு எனக்குத்தானே அனுப்புவீங்க?"

கண்டக்டர்தான் அதைக் கேட்டார், மெதுவாக: "அந்தக் கவருக்கு மேல ஒரு கடுதாசி இருக்குமே. அதுல கையெழுத்து யாருது?"

"என்னுது," என்றார் அதிகாரி. "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம போட்டேன்."

மகள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "இதை அப்படியே வந்து எங்கப்பாகிட்ட சொல்லுங்க. எனக்கு அது போதும்," என்றாள்.

பின்னறையில் கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலைமாட்டில், மணி இருந்த இடத்தில் இரண்டு ஒயர் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. அதிகாரி தரையில் மண்டியிட்டு, அவர் காதுக்கு நேராக, ஒன்றும் விடாமல் சொன்னார். துளையைச் சொன்னார். தன் கையெழுத்தைச் சொன்னார். உங்கள் மகள் மேல் ஒரு பாவமும் இல்லை என்றார்.

கிழவர் மெல்லத் தலையைத் திருப்பினார். தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்தார். அலுவலக முத்திரையோடு, 'தங்கள் விவரம் ரகசியமாகக் காக்கப்படும்' என்று அச்சடித்த ஒப்புகை அட்டை. மகள் பையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

"சீல் வெச்ச ஆபீஸ் அம்மா அது. அங்க அப்படி நடக்காது," என்றார். "நீங்க நல்ல மனுஷி. இவ வந்து அழுதிருப்பா, பாவம்னு நீங்க பழியை ஏத்துக்கறீங்க."

"இல்லய்யா, நான் சொல்றது நிஜம்."

"எனக்குத் தெரியும்மா."

மகள் டம்ளரில் தண்ணீரோடு குனிந்தாள். கிழவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, தாகம் தாங்காமல், அவர் அதிகாரியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

மகள் டம்ளரை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். அதிகாரி கையிலிருந்து அவர் ஒரு சொட்டு சிந்தாமல் முழுவதையும் குடித்தார்.