நிறுத்தி வைத்த மடல்கள்

சனிக்கிழமை பதினான்கு என்று காட்டிய இடத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினைந்து என்று இருந்தது.

பூங்குழலி கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்தாள். ‘நிறுத்தி வைத்த மடல்கள்: 15.’ நேற்று தப்பாகப் படித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். வாரத்தில் ஆறு நாள் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் நின்றபடி போய், ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்துவிட்டு, நின்றபடியே திரும்புகிற நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு ஓர் எண் கூடுவதும் குறைவதும் பெரிய விஷயமில்லை. கணவருக்கு ஓசூரில் வேலை. மகள் திருச்சியில் விடுதியில் இருந்தாள். மாடி வீட்டில் அவளும் மின்விசிறியும்தான். விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது. கீழே சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும்போதெல்லாம், ஜன்னல் கம்பியில் படிந்த வெள்ளைத் தூசி லேசாக நடுங்கி மறுபடி படிந்தது.

அந்தக் கணினிக்குள் இருந்தது இருபது வருஷத்துப் பழைய பேச்சு.

‘வரப்பு’ என்று ஒரு மென்பொருள். கணினியில் தமிழில் எழுதுவதற்காகப் பதினைந்து இருபது பேர் சேர்ந்து, சம்பளம் எதுவும் இல்லாமல் செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது. பேச்செல்லாம் மடலாடற்குழுவில்தான். ஒரு முகவரிக்கு மடல் போட்டால் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் போய்ச் சேரும். ஒரு கொம்பு எங்கே விழ வேண்டும் என்பதற்காக நான்கு நாள் நடந்த சண்டை, யாருக்கோ குழந்தை பிறந்ததற்கு நாற்பது வாழ்த்து, எல்லாம் அதில்தான். அந்தக் குழு இயங்கிய சர்வரை மாதக் கடைசியில் நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். குழுவைத் தொடங்கியவர் சிவசுப்பிரமணியன், பெரம்பலூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர்தான் முழுவதையும் ஒரு பழைய கணினியில் படியெடுத்து, கார் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

“யாரு படிக்கப் போறான்னு கேக்காதம்மா. நாம பேசுனது எங்கயாச்சும் இருக்கட்டும். எனக்குக் கண்ணு தெரியல, நீதான் அடுக்கி வைக்கணும்.”

அடுக்கி வைக்கிறாள். மடல்களுக்கு எண் போடுகிறாள், தேதி சரிபார்க்கிறாள், போன் நம்பர்களை அழிக்கிறாள். கணினிக்கு இணைய இணைப்பு கொடுக்கவில்லை. படியெடுத்தது படியெடுத்தபடியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அதற்குள் புதிதாக எதுவும் வர வழியில்லை.

நிறுத்தி வைத்த மடல்களின் கணக்கு அவளுக்கு மட்டும் தெரிந்தது. குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களின் மடல் நேரே எல்லாருக்கும் போகாது. ஒருவர் படித்துப் பார்த்து அனுமதித்தால்தான் போகும். 2005-இல் அந்த ஒருவர் பூங்குழலி. அந்த வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி. மூன்று மாதம் அவள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பிறகு திறக்கக் கூச்சமாக இருந்தது. அப்புறம் மறந்துபோனது.

சனிக்கிழமை திறந்தபோது பதினான்கு மடல்கள். பதினான்கும் ஒரே ஆளுடையவை. பெயர் கலைச்செல்வன். அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதியிருந்தான்.

‘வணக்கம் நண்பர்களே. வரப்பில் கொம்பு வைத்த எழுத்துகளைத் தட்டினால் நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம் வருகிறது அல்லவா. அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். அனுப்பட்டுமா?’

அடுத்த மடலில் அந்த வழியையே எழுதியிருந்தான். சரியான வழி. அந்த வட்டத்தை ஒழிக்கக் குழுவே எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது. மூன்றாவது மடலிலிருந்து ஒரே கேள்விதான். என் மடல் வந்ததா? தவறாக ஏதும் எழுதிவிட்டேனா? கடைசி மடல் நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. ‘மழை வலுக்கிறது. கடையை மூடுகிறார்கள். நாளை வருகிறேன்.’

இப்போது பதினைந்தாவது. அதில் தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒரே வரி.

‘என் மடல் வந்துச்சுங்களா?’

சிவசுப்பிரமணியனுக்குப் போன் போட்டாள்.

“பழைய டிஸ்க் அல்லவா, தேதி கெட்டுப்போயிருக்கும்மா” என்றார். பெயரைச் சொன்னதும் அவர் குரல் தணிந்தது. “கலைச்செல்வனா? அந்தப் பையன் செத்துட்டானே. அந்த மழையிலதான். நம்ம குழுவுக்கு எழுதிக்கிட்டிருந்தவன்னு எனக்கே ரெண்டு வருஷம் கழிச்சு அவன் ஊர்க்காரர் ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது. உங்கிட்டச் சொல்ல வேணாம்னு வுட்டுட்டேன்.”

“எப்படி சார்?”

“சைக்கிள்ல வூட்டுக்குப் போறப்ப, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒண்ணுல விழுந்துட்டான். தங்கச்சி ஒண்ணு இருக்கு, முத்தமிழ்னு. ஜெயங்கொண்டம் பக்கம் கட்டிக்குடுத்திருக்காங்க. அவன் மடலை வெளியிடணும்னா அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க.”

போனை வைத்தபோது அறையில் ஒரு வாசனை இருப்பதை உணர்ந்தாள். புதிதாக வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் வரும் வாசனை. பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தாள். வெயிலில் மொட்டை மாடிகள் காலியாகக் கிடந்தன.

அந்த வாரம் முழுக்க அவள் கணினியைத் திறக்கவில்லை. காலேஜில் தேர்வு. மாலையில் வந்ததும் கால் வீங்கிப் படுத்துவிடுவாள். ஆனால் படுத்திருக்கும்போது அந்த அறையிலிருந்து சத்தம் வந்தது. அணைத்து வைத்திருந்த கணினியிலிருந்து. டக். டக் டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டக். பகல் வெயிலில் சூடான இரும்பு ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்கத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினாள். கிளம்புவதற்கு முன் ஒரு நிமிஷம் மட்டும் கணினியைத் திறந்து பார்த்தாள்.

பதினெட்டு.

‘மழை விட்டுடுச்சு. இங்க தண்ணி இடுப்பு மட்டும் நிக்குது.’

‘மேல லாரி போற சத்தம் கேக்குது. கத்துறேன். யாரும் நிக்கல.’

‘யாரோ படிக்கிறீங்க. தெரியுது.’

அணைக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

முத்தமிழின் வீடு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. வாசலில் கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தவள், பூங்குழலி விஷயத்தைச் சொன்னதும் கையை உதறிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பது வயதிருக்கும். அழவில்லை.

“தாராளமாப் போடுங்க. அண்ணன் எழுதுனத யாரும் படிக்கலன்னுதான் அதுக்கு வருத்தம். டெய்லி வந்து சொல்லும். ‘ஒருத்தர்கூட பதில் போடல பாப்பா, நான் எழுதுறது சரியில்லபோல’ங்கும்.”

பூங்குழலி சொம்பைக் கீழே வைத்தாள். “அந்த மடலையெல்லாம் பாத்து அனுப்ப வேண்டியது நான்தாங்க” என்றாள். “நான் பாக்கல.”

முத்தமிழ் அவளையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று பூங்குழலி காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க மட்டுமாங்க” என்றாள் முத்தமிழ். “விழுந்ததும் சாகல அது. குழிக்குள்ள ஒரு திட்டு மாதிரி இருந்துச்சு, அதுமேல மூணு நாள் உசுரோட நின்னிருக்கு. டாக்டர்தான் சொன்னாரு. நாங்க ஊரெல்லாம் தேடுறோம், அந்தக் குழி ஓரத்து ரோட்டுலயே நாலு வாட்டி போயிருக்கோம். சொவத்துல கல்ல வெச்சுத் தட்டித் தட்டி ஒரு பள்ளமே விழுந்திருந்துச்சு. ஒருத்தர் காதுலயும் விழல.”

பூங்குழலி எழுந்தாள். வாசல்வரை வந்தபின் முத்தமிழ் கேட்டாள்.

“அதுல கடசியா என்னங்க எழுதியிருக்கு?”

“நாளைக்கு வரேன்னு” என்றாள் பூங்குழலி.

வீடு திரும்பும்போது மணி ஆறு. பஸ்ஸில் இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலித்தது. படியேறும்போதே மின்சாரம் போயிருப்பது தெரிந்தது. தெருவே மங்கிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரம் அடித்தது. சித்திரை மாதத்து வீட்டில் ஈரம். சுண்ணாம்பு வாசனை தொண்டையில் ஒட்டியது. உள்ளறையில் யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தது, கணினித் திரை இன்னும் ஒளிர்ந்தது, அந்த நீல வெளிச்சத்தில் சுவரெல்லாம் நனைந்தாற்போல் மின்னியது. தொட்டுப் பார்த்தாள். நனைந்துதான் இருந்தது. விரலில் வெள்ளையாய் ஒட்டியது.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடலாம். கீழ் வீட்டில் கமலவேணி அக்கா இருப்பார். விளக்கேற்றி வைத்திருப்பார், ஒரு டீ கொடுப்பார். பூங்குழலி அதை நினைத்தாள். ஆனால் நாளைக்கும் இது இங்கேயேதான் இருக்கும். நாளை மறுநாளும் இருக்கும். இருபது வருஷம் இருந்ததைப்போல. ஒரு தரமாவது படித்து முடித்துவிடலாம் என்று தோன்றியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

முப்பத்தொன்று.

‘குளுருது.’

‘தட்டுறேன். கேக்குதா?’

‘கேக்குதா?’

‘கேக்குதா?’

டக். டக் டக்.

கணினிக்குள்ளிருந்து இல்லை. இப்போது நன்றாகத் தெரிந்தது. மேசை சுவரோரமாகப் போட்டிருந்தது. வயர் இறங்குவதற்காகச் சுவருக்கும் மேசைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டிருந்தாள். அந்த இடைவெளியின் கீழே தரை இருக்க வேண்டும். சத்தம் தரையிலிருந்து வரவில்லை. அதற்கும் கீழே. வெகு கீழே. கல்லில் கல் படும் சத்தம். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் அந்த ஆழத்தில் தண்ணீர் அலம்பியது.

யூபிஎஸ் வேகமாகக் கீச்சிட்டது. இன்னும் சில நிமிஷம்தான் தாங்கும்.

அவள் ஒவ்வொரு மடலாகத் தேர்ந்து, அனுமதி என்ற பொத்தானை அழுத்தினாள். முப்பத்தொரு மடல்கள். வலிக்கும் விரலோடு முப்பத்தொரு தடவை. அது யாருக்கும் போகப் போவதில்லை என்று தெரிந்தே அழுத்தினாள். கடைசி மடலுக்குக் கீழே பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தாள். அந்தக் குழுவில் இருபது வருஷத்தில் அவள் எழுதும் முதல் வரி.

‘உங்க மடல் வந்துச்சு. எல்லாத்தையும் படிச்சேன். நீங்க சொன்ன வழி சரியான வழிதான். நேரத்துல பாக்காம விட்டது நான்தான். மன்னிச்சுக்குங்க.’

அனுப்பினாள்.

தட்டுவது நின்றது.

தண்ணீர்ச் சத்தமும் நின்றது. யூபிஎஸ்கூட ஒரு கணம் கீச்சிடவில்லை. பூங்குழலி நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணிலிருந்து நீர் தன்னால் வழிந்தது. இவ்வளவுதானா. இவ்வளவுதான் வேண்டியிருந்ததா. மேசைமீது தலையைக் கவிழ்த்து அப்படியே தூங்கிவிடலாம்போல் இருந்தது.

திரையில் எண் மாறியது.

நிறுத்தி வைத்த மடல்கள்: 1.

அவள் திறக்கவில்லை. அது தானாகத் திறந்தது.

‘வந்துட்டீங்களா அக்கா. கை குடுங்க.’

திரை அணைந்தது.

இருட்டு. ஜன்னலில் மட்டும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மேசையின் மறு விளிம்பு தெரிந்தது, சுவர்ப் பக்கத்து விளிம்பு. அதில் ஏதோ வெள்ளையாக வந்து அமர்ந்தது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு. விரல்கள். ஈரத்தில் ஊறி உப்பிய விரல்கள், நகம் இருக்க வேண்டிய இடத்தில் நகம் இல்லை. அவை மரத்தைத் தடவித் தடவிப் பிடிமானம் தேடின. பிடித்தன. அடுத்த கை வந்தது. அதுவும் பிடித்தது.

எழ வேண்டும். கால் வரவில்லை.

மேசை சுவர்ப் பக்கமாக மெல்லச் சாய்ந்தது. ஓர் ஆளின் கனம். பேனா உருண்டு இடைவெளியில் விழுந்தது. அது தரையில் விழும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை.

மூன்று விரல் அகலம்தான் இருக்கும் அந்த இடைவெளியில், வெள்ளைச் சேறு வழிய, நனைந்த தலைமுடி மேலே வந்துகொண்டிருந்தது.